பிரேசர் டவுனிலிருந்து ரோமாபுரிக்கு ஒரு ரயில்

"பதினேழு நாள் போற வண்டின்னு சொல்றீங்க. தயிருக்கு என்ன பண்ணுவாங்க?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, அடுப்படி வாசலில் நின்று என் மனைவி வசந்தா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரேசர் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கூடம். சாப்பாட்டு மேஜையிலிருந்து தட்டுகளை எடுத்துவிட்டு, நானும் என் நண்பன் அருள்தாஸும் வரைபடத்தை விரித்திருந்தோம். ஆபீஸில் படி எடுக்கும் டிரேசிங் துணியை ஒட்டி ஒட்டி நீட்டியது. மேஜைக்கு இரண்டு பக்கமும் தொங்கும். பெங்களூரில் தொடங்கி ஹம்பி, டில்லி, பெஷாவர், காபூல், ஹீராத், டெஹ்ரான், இஸ்தான்புல் என்று போய் ரோமாபுரியில் முடியும் ஒற்றைக் கறுப்புக் கோடு. அப்படி ஒரு ரயில் பாதை உலகத்தில் கிடையாது. நாங்கள் போட்டது.

அருள்தாஸ் பென்சிலைக் கீழே வைத்தான்.

"தயிரா, தங்கச்சி?"

"ஆமாண்ணே. காபூல்ல எலும்பு நடுங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் குளிர்ல பால் எப்படி உறையும்? நம்ம ஜனங்க பதினேழு நாள் மோர் இல்லாம இருப்பாங்களா? என்ஜினுக்கு அடுத்த பெட்டியில, சூடு வர்ற எடமாப் பார்த்து பானையை வெச்சுடணும். உறைமோரைப் பார்த்துக்க ஒரு ஆள் வண்டியோடயே போகணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டேய் தியாகு, எட்டு வருஷமா நமக்கு இது தோணலையேடா!"

சந்தோஷத்தில்தான் சொன்னான். எனக்கு மட்டும் சட்டைக்குள் எறும்பு கடித்த மாதிரி இருந்தது.

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "உங்கள் மனைவி கதை எழுதுகிறவர் என்று அறிந்தேன். அவருடைய முதல் வாசகர் நீங்கள்தானே? அந்த அனுபவத்தை எழுதக் கூடாதா?"

நான் அவளுடைய முதல் வாசகன் இல்லை. ஒரே ஒரு தடவை இருந்தேன். அந்த ஒரு தடவையில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

துரையின் பிரிவு உபசாரம்

வெள்ளைக்காரர்கள் போன சமயம். ரயில் பாதைகளுக்கு வரைபடம் போடும் ஓர் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இண்டியன் இங்க் வாசனையும் புளூ பிரிண்டின் மருந்து நெடியும் எந்நேரமும் சட்டையில் ஒட்டியிருக்கும். எங்கள் துரை கப்பலேறப் போகிறார் என்று ஒரு டீ பார்ட்டி வைத்தார்கள். வாழையிலைத் துண்டில் காராபூந்தியும் கேக்கும்.

துரை கெட்டவர் இல்லை. என் கோடு சுத்தமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசினார். கராச்சியிலிருந்து கல்கத்தா வரை சிவப்புக் கோடுகள். "இதை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறோம். நாங்கள் வராமல் இருந்திருந்தால் நீங்கள் இன்னமும் மாட்டுவண்டியில்தான் போய்க்கொண்டிருப்பீர்கள்" என்றார், சிரித்துக்கொண்டே.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அருள்தாஸ் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். ஏதோ காகிதம் கொண்டுவந்தவன், கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"கை தட்டினியா?" என்றான்.

"தட்டினேன்."

"நானுந்தான் தட்டினேன். வயிறு எரியுதுடா."

நியாய அநியாயம் பார்த்து எரியவில்லை. அது வெறும் பொறாமை. ஒரு மனிதர் பாதி பூமியின் மேல் கையை வைத்துக்கொண்டு 'நாங்கள்' என்று சொல்கிறார். எனக்கு இருபத்திரண்டு வயது. என் கை படுகிற இடம் ஒரு முழ நீளக் காகிதம். அதிலும் அவர் போட்ட கோட்டின் மேல்தான் நான் மை ஏற்ற வேண்டும்.

லெவல் கிராஸிங்கில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அருள்தாஸ் திடீரென்று சொன்னான்:

"அவங்க வரவே இல்லன்னு வெச்சுக்கோ. ஆனா ரயில் வந்துது. நாமளே போட்டோம். எங்க வரைக்கும் போட்டிருப்போம்?"

கேட் திறந்து, பின்னால் நின்ற ஜட்காக்காரர் "சலோ, சலோ" என்று கத்திய பிறகுதான் நகர்ந்தோம்.

தலைக்கோட்டையில் ஜெயித்தோம்

விளையாட்டுக்கு ஒரு சரித்திரம் வேண்டுமே. எங்கே திருப்புவது? அருள்தாஸ்தான் கண்டுபிடித்தான். தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றதுதானே? எங்கள் சரித்திரத்தில் ஜெயித்தது. ஹம்பி இடியவில்லை. சாம்ராஜ்யம் நாளாக ஆக வடக்கே வளர்ந்தது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் மிளகு வாங்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, எங்கள் ரயிலில் ஊர் திரும்பினார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லிங்கராஜபுரத்திலிருந்து சைக்கிளில் வருவான். தலையில் எண்ணெய் பளபளக்கும். பையில் எப்போதும் ஏதாவது ஒரு பழைய அட்லஸ். மலைகளின் உயரம் பார்த்து ஏற்றம் இறக்கம் கணக்கிடுவது என் வேலை. வண்டிகள் எங்கே எப்போது வந்து சேரும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை.

எங்கள் சாம்ராஜ்யத்தின் முதல் சட்டம், தண்டவாளம் எங்கும் ஒரே அகலம். இதில் அருள்தாஸ் பிடிவாதமாக இருந்தான். நிஜமான பெங்களூரில் மெட்ராஸ் பக்கமிருந்து வருவது அகலப் பாதை. மைசூருக்கும் ஹூப்ளிக்கும் போவது குறுகலான மீட்டர் பாதை. வந்த சரக்கையெல்லாம் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றியாக வேண்டும். அந்த இடைவெளியில் உடைந்த ஜாடிகளுக்கும் காணாமற்போன கூடைகளுக்கும் பதில் சொல்லியே அவனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் சண்டை வந்தது. மாநிலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம். ஆபீஸில், டீக்கடையில், எங்கும் இதே பேச்சு. எங்களுக்கு அதே பேச்சு ஹீராத் ஸ்டேஷனில் வந்தது.

"ராயர் ராஜ்யம்டா. கன்னடம் மேல. அடுத்து தெலுங்கு. மூணாவது நம்மது," என்றான் அருள்தாஸ்.

"ரெண்டாவதாவது போடு."

"நீ மூணு தலைமுறையா மைசூர் சமஸ்தானத்து உப்பு தின்னவன். நீயே இப்படிப் பேசறியே!"

மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை நாங்கள். அவன் வருவான், காப்பி குடிப்பான், தன் அட்டவணையைத் தானே எழுதிக்கொண்டு போவான். ஒரு நாள் சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா மல்லேஸ்வரத்திலிருந்து வந்தவர், வரைபடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கன்னடத்தில் "ஹுச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார். பைத்தியம் என்று அர்த்தம். அதைக் கேட்டு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்ததில் சண்டை தீர்ந்தது.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

மூன்றாவது நாற்காலி

வசந்தாவுக்குக் குடியாத்தம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரயிலில் போனது மொத்தம் நான்கு தடவை. நீளமான பயணம் என்றால் கல்யாணம் முடிந்து என்னோடு கண்டோன்மென்ட்டுக்கு வந்ததுதான். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்க்காமல் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

தயிர் கேள்விக்குப் பிறகு அருள்தாஸ் எழுந்து போய் மூன்றாவது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டான்.

"உட்காரு தங்கச்சி. நின்னுகிட்டே பேசினா எப்படி?"

அதோடு எங்கள் ரயில் வேறு ரயிலாகிவிட்டது.

நான் எட்டு வருஷமாகப் பாலம் கட்டினேன், சுரங்கம் வெட்டினேன். என் வண்டியில் ஒரு மனிதப் பிறவி கிடையாது. இவள் வந்த இரண்டு மாதத்தில் வண்டி நிறைந்துவிட்டது. இஸ்தான்புல்லுக்கு ஜவுளி கொண்டுபோகிற இரண்டு பங்காளிகள், பேச்சு வார்த்தை இல்லாமல் ஒரே பெஞ்சில். ரோமாபுரியில் மாப்பிள்ளை பார்த்திருக்கும் ஒரு பெண். வழியெல்லாம் எந்த ஸ்டேஷனில் இறங்கி ஓடலாம் என்று பார்த்துக்கொண்டு வருகிறாள். அருள்தாஸ் அட்டவணையை விட்டுவிட்டான். "அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவான். சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போட்டிருக்க மாட்டான்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "காபூல்காரங்க சரின்னாங்களா?"

"எதுக்கு?" என்றேன்.

"அவங்க மண்ணுல நம்ம தண்டவாளம் போடறதுக்கு. கேட்டீங்களா?"

அருள்தாஸ் என்னைப் பார்த்தான். எட்டு வருஷத்தில் நாங்கள் கேட்கவில்லை. துரை மாதிரியே வரைபடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"சாம்ராஜ்யம்னா கேக்கமாட்டாங்க," என்றேன்.

"அப்ப அவங்க வந்து தண்டவாளத்தைப் பேத்துடுவாங்களே?" என்றாள் அவள். எதிர்த்துப் பேசுகிற தொனி இல்லை, கவலையாகக் கேட்டாள். அருள்தாஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

உங்களில் சிலர் இப்போது வேறு மாதிரி நினைப்பீர்கள். அது இல்லை. அவன் அவளைத் தங்கையாகவே பார்த்தான். எனக்கு அதில் ஒரு நிமிஷமும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வந்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். என் வேதனை வேறு. என் சொத்து என்று நான் நினைத்திருந்த ஒன்றே ஒன்றில், நேற்று வந்த என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாள். அதுவும் சிரமப்படாமல், அரிசி களைந்துகொண்டே.

நான் வண்டியை நிறுத்தப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, காபூலுக்கு அப்பால் கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டது என்று அறிவித்தேன். ஒன்பது நாளைக்கு வண்டி நகராது. சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டேன்.

இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

"ஒன்பது நாளா?" என்றாள் வசந்தா. அவள் கண் விரிந்தது. "அப்ப எல்லாரும் கீழ எறங்கிடுவாங்க இல்ல?"

அவ்வளவுதான். பங்காளிகள் ஜவுளி மூட்டையைப் பிரித்துக் கூடாரம் போட்டார்கள். முதல் வகுப்புக்காரர்கள் கம்பளி தந்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரர்கள் சமைத்தார்கள். பக்கத்து மலைக் கிராமத்துக்காரர்கள் விறகு கொண்டுவந்தார்கள். அப்போதுதான் தண்டவாளத்துக்குச் சம்மதமும் கேட்கப்பட்டது. அந்த இடத்துக்கு 'நின்னபுரம்' என்று பெயர் வைத்தாள். அருள்தாஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உடைத்த இடத்தில் ஓர் ஊரே எழும்பிவிட்டது.

"இது ரயில்வே மேப்," என்றேன். என் குரல் எனக்கே சில்லென்று கேட்டது. "குடும்பக் கதை சொல்ற எடம் இல்ல."

வசந்தா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அருள்தாஸ் அட்லஸை மூடினான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றான்.

ஒன்றுமில்லை என்றேன்.

இழுப்பறை

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்தது. அருள்தாஸ்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தான். நான் ஆபீஸ் போன பிறகு எழுதியிருக்கிறாள். ஒரு மாதம் எனக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் முகம் கழுவிவிட்டு வந்ததும், கோடு போட்ட நோட்டுத்தாள் பதினான்கை என் கையில் வைத்தாள்.

"நீங்க மொதல்ல படிங்க. யார்கிட்டயும் காட்டலை. அருளண்ணன்கிட்டகூட."

சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எங்கள் ரயிலில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவச்சியைப் பற்றிய கதை. பதினேழு நாள் பயணமாயிற்றே, யாருக்காவது வலி வரும். காபூலுக்கும் ஹீராத்துக்கும் நடுவே, ஓடுகிற வண்டியில் ஒரு குழந்தை பிறக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் பதிவுப் புத்தகத்தோடு ஓர் அதிகாரி ஏறுகிறார். குழந்தைக்கு எந்த ஊர் என்று எழுதுவது? தாய்க்கு ஓர் ஊர், தகப்பனுக்கு ஓர் ஊர், பிறந்த இடத்திலோ ஊரே இல்லை. பெட்டியில் இருக்கிற எல்லோரும், எங்க ஊர்னு எழுதிக்கோங்க, எங்க ஊர்னு எழுதிக்கோங்க என்று தங்கள் ஊரைத் தர வருகிறார்கள். மருத்துவச்சி கடைசியில் பெட்டி எண்ணை எழுதச் சொல்கிறாள்.

மாநிலம் பிரித்துக்கொண்டிருந்த நாளில், எல்லோரும் உன் ஊர் எது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்த நகரத்தில், குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுதியது.

முடித்ததும் கடைசித் தாளை மறுபடி படித்தேன். கதை அப்படி. அடுத்த நொடியே மனசில் வேறொன்று ஏறியது. அந்த மலை, அந்த வளைவு, அந்த ஏற்றம் எல்லாம் நான் இரவல் அட்லஸ் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டவை. அவற்றின் மேல் இவள் அலட்டிக்கொள்ளாமல் நடந்துபோய், நான் எட்டு வருஷத்தில் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டாள்.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவள் வாசற்படியில் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு," என்றேன். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதைப் போல.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மடிந்து உள்ளே போயிற்று. "சரி," என்றாள். மறுநாள் காலையில் கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, என் டிபன் பையோடு வைத்தாள். "போற வழியில தபால்பெட்டியில போட்டுடுங்க."

போற வழியில் மூன்று தபால்பெட்டிகள் இருந்தன. மூன்றையும் தாண்டிப் போனேன். சாயங்காலம் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆபீஸ் மேஜையின் கீழ் இழுப்பறையில், பழைய டிரேசிங் துணிகளுக்கு அடியில் அந்தக் கவரை வைத்தேன். போட்டியின் கடைசித் தேதி வந்தது. அன்று இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன்.

வியாழக்கிழமைகள்

அந்தப் பத்திரிகை வியாழக்கிழமை வரும். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கி வருவேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். போட்டி முடிவு வந்ததா என்று, நின்றபடியே முதல் பக்கத்துப் பொருளடக்கத்தைப் பார்ப்பாள். விரல் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். பிறகு புத்தகத்தை மூடி, அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "காப்பி கலக்கட்டுமா?" என்பாள்.

எத்தனை வியாழக்கிழமை என்று எண்ணவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று.

கடைசியில் முடிவு வந்தது. பரிசு வாங்கிய கதையை உட்கார்ந்து முழுசாகப் படித்தாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள். எழுதியது யாரோ, அவளை முந்திக்கொண்டவர் யாரோ. அவள் மனசில் துளிக் கசப்பு இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அதன்பிறகு அவள் மூன்றாவது நாற்காலிக்கு வரவில்லை. கூப்பிட்டால், "வேலை இருக்குண்ணே" என்பாள். அருள்தாஸ் கொஞ்ச நாள் அட்டவணை போட்டான். அதிலும் மனசு போகவில்லை. பாதி மத்தியானம் கொட்டாவி விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். மேஜை முழுவதும் என்னுடையதாயிற்று. நான் கிழக்கே பர்மா வழியாகப் பீகிங்குக்கு ஒரு கிளை போட்டேன். கோடு சுத்தமாக வந்தது. அந்தப் பாதையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அருள்தாஸுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. சிட்டி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது.

"தங்கச்சியை எழுதச் சொல்லுடா," என்றான். "நான் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். 'அவருக்கே பிடிக்கலை, பத்திரிகைக்காரங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?'ங்குது. அப்படி என்னடா சொன்ன நீ?"

"நல்லாருக்குன்னுதான் சொன்னேன்."

"எப்படிச் சொன்ன?"

நான் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். கார்டு விசில் ஊதினார். அவன் ஏறிக்கொண்டான். கை அசைக்கவில்லை, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனான்.

முத்திரை விழாத கவர்

அன்றைக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். ஆபீஸைப் பூட்டிவிடுவதற்குள் ஸ்டேஷனிலிருந்து நேரே ஓடிப்போய்க் கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வசந்தா கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து கவரைத் தரையில் வைத்தேன். தன் கையெழுத்தை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எடுத்துத் திருப்பினாள்.

"திரும்பி வந்துடுச்சா?" என்றாள். பிறகு, "ஸ்டாம்ப்புல முத்திரையே விழலையே?"

"நான் போடவே இல்ல, வசந்தா."

"மறந்துட்டீங்களா?"

தப்பித்துக்கொள்ள வழி விட்டுக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது.

"இல்ல. மறக்கலை. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"பொறாமை."

"யார் மேல?"

"உன் மேலதான்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவளுக்குப் புரியவே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"என் மேலயா?" என்றாள். "என்கிட்ட என்ன இருக்குன்னு?"

கையில் கவரை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்தக் கவருக்குள் இருந்தது. அதைத்தான் நான் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன்.

மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், பால்காரர் தவிர வேறு பேச்சில்லை. நான்காவது நாள் ஆபீஸிலிருந்து வந்தபோது அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ரயில் வரைபடத்தைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தாள். பதினான்கு தாளும் விரிந்து கிடந்தன. கையில் பென்சில்.

"இந்த எடத்துல அவசரப்பட்டிருக்கேன்," என்றாள், என்னிடமா தனக்குத்தானேயா தெரியாமல். "அந்த மருத்துவச்சியம்மா மொதல்ல குழந்தையைத்தான் பார்ப்பா. அதிகாரியைப் பார்க்கமாட்டா."

ஒரு வாரம் எழுதினாள். முடித்ததும் புதுக் கவரில் போட்டாள். நான் வாயைத் திறந்து, "நான் போகும்போது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் தலையை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தானே கிளம்பினாள். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருக்கோடியில் இருக்கும் தபால்பெட்டி தெரியும். கவரைப் போட்டபிறகு அதன் வாயில் கையை மணிக்கட்டு வரை விட்டு, விழுந்துவிட்டதா என்று துழாவினாள்.

அன்றிலிருந்து அவள் எழுதிய எதையும் அச்சாவதற்கு முன் என்னிடம் காட்டியதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. வாசகி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

சில மாதங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை, கடையில் பத்திரிகையைப் பிரித்ததும் அவள் பெயர் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்களுக்கு நடுவே நின்றே படித்தேன். குதிரைச் சாணமும் நிலக்கரிப் புகையும் கலந்த காற்று. மெட்ராஸ் வண்டி வந்து, ஜனங்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

கதை இன்னும் நீண்டிருந்தது. பெட்டியில் கூட்டம் கூடியிருந்தது. தொலைந்த பார்சலைத் தேடிக்கொண்டு ஒரு பார்சல் கிளார்க் ஒவ்வொரு பெட்டியாகப் போகிறான். ஞாயிற்றுக்கிழமையானால் சத்தமில்லாமல் ஜெபம் செய்கிறான். அருள்தாஸ்! முன்தலை வழுக்கையைக்கூட விடவில்லை. ஹூப்ளிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னைத் தேட ஆரம்பித்தேன். கட்டாயம் எங்காவது வைத்திருப்பாள். பதிவுப் புத்தகத்தோடு வரும் அதிகாரியா? இல்லை, அவர் நல்லவராக இருந்தார். பங்காளிகளில் ஒருவனா? தந்தியை மறைத்து வைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், கதவைத் திறக்க மறுக்கும் கார்டு, ஒரு திருடன், ஒரு பொய்யன் – எதுவானாலும் சரி என்று தோன்றிவிட்டது. முதலிலிருந்து இன்னொரு தடவை வரிவரியாகப் படித்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பத்திரிகையைக் கொடுத்தேன். அவள் வாங்கி, தன் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். எழுத்தின் மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினாள்.

"படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன். ரொம்ப நல்லாருக்கு, வசந்தா. அப்பவும் நல்லா இருந்துது. அன்னைக்கு நான் சொல்லாம விட்டேன்."

தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நிதானத்தில் தைரியம் வந்து, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அருள் இருக்கான். பங்காளிங்க இருக்காங்க. அத்தனை பேர் இருக்காங்க. நான் மட்டும் எங்கயுமே இல்லையே?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப் பார்ப்பதைப் போலிருந்தது.

"நீங்கதான் வண்டியில ஏறவே இல்லையே," என்றாள்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருந்த ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.